மனநோயிலிருந்து மீண்டவர் பிறருக்குத் துணை நிற்கும் வேலை: 85,000 ரூபா கட்ட வேண்டுமா?

கேள்வி: மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றில் வசிக்கிறேன். வயது 29. இருதுருவ மனநோய்க்காக வார்டில் இருந்தேன். நான்கு வருடங்களாக லித்தியம் மாத்திரையுடன் நலமாக இருக்கிறேன். என்னைப் போல் நோய்வாய்ப்பட்டவர்களுக்கு உதவ ஆசை. வெளிநாடுகளில் இதையே ‘சக ஆதரவுப் பணியாளர்’ என்ற சம்பள வேலையாகச் செய்கிறார்களாம். இங்கே நகரத்திலுள்ள ஒரு நிறுவனம், 85,000 ரூபா கட்டினால் சர்வதேச டிப்ளோமாவும் ஆஸ்பத்திரியில் வேலையும் தருவதாகச் சொல்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டலாமா? மாத்திரை எடுப்பவரை இந்த வேலைக்குச் சேர்ப்பார்களா?

பதில்: கட்டாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். மாத்திரை இந்த வேலைக்குத் தடையே இல்லை. நோயைப் பட்டு அனுபவித்து, அதோடு வாழப் பழகியவராக இருப்பதுதான் இதற்கு முதல் தகுதி. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அதை உங்களுக்கு விற்க முடியாது.

உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சக ஆதரவுச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவிலேயே மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிச் சான்றிதழ்தான். ஒன்றில் பெற்றதை இன்னொன்று அப்படியே ஏற்கும் என்ற உறுதி இல்லை. இங்கே இலங்கையில் அரச ஆஸ்பத்திரிகளில் இந்தப் பெயரில் நிரந்தரப் பதவியே இல்லை. இல்லாத பதவியை வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

‘நாங்கள் அரசில் பதிவு செய்த நிறுவனம்’ என்று சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுவார்கள். தனியார் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும் என்பது உண்மை. ஆனால் நிறுவனத்துக்குப் பதிவு இருப்பது வேறு, நீங்கள் பணம் கட்டப்போகும் பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருப்பது வேறு. கணினி வகுப்புக்காகப் பதிவு செய்துவிட்டு, அதே தாளைக் காட்டி உளவளத்துணை, தாதியர் உதவி, முதியோர் பராமரிப்பு என்று வாய்க்கு வந்த பெயரிலெல்லாம் டிப்ளோமா விற்கலாம். பாடநெறியின் பெயரைச் சொல்லி ஆணைக்குழுவிடமே கேளுங்கள். பேச்சு வெளிநாட்டு வேலை வரை நீண்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அப்படிப் பேசுபவர் உரிமம் பெற்ற முகவரா என்று விசாரியுங்கள். தோட்டத் தலைவருக்கு வேண்டியவர், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர் என்பதெல்லாம் உரிமம் ஆகிவிடாது.

உங்கள் கிளினிக் கொப்பியை யாரிடமும் கொடுக்காதீர்கள். பிரதி எடுக்கவும் விடாதீர்கள். ‘அனுபவம் உள்ளவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்’ என்று கேட்பார்கள். மேலட்டையில் உங்கள் பெயரும் இலக்கமும் இருக்கின்றன. உள்ளே நோயின் பெயர், மாத்திரையின் அளவு, வார்டுக்கு வந்த நாளில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது வரை எழுதியிருக்கும். சத்தமாகப் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் லயத்து வரிசை வீடுகளில், ‘அங்கொடைக்குப் போக வேண்டியவள்’, அதாவது மனநல ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவள், என்ற சொல்லைக் கேட்காமல் வாழ்வதே பெரும்பாடு. அந்தப் பிரதி யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. உண்மையான பயிற்சி தருபவர்களுக்கு நீங்கள் வாயால் சொல்வது போதும்.

பயிற்சிக்கு ஏடுகள் வேண்டுமென்றால், உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட குவாலிட்டிரைட்ஸ் (QualityRights) என்ற மனநலப் பயிற்சி ஏடுகளின் வரிசையில் ஒன்று முழுக்க இந்த வேலையைப் பற்றியது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதால், கிளினிக்கில் யாரையாவது விளக்கச் சொல்லி வாசியுங்கள்.

இனி வேலையைப் பார்ப்போம். முதல் தடவை கிளினிக்குக்கு வருபவருடன் பஸ்ஸில் கூடவே போவது. டொக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை வரிசையில் நிற்கும்போதே அவர் யோசித்துக்கொள்ள உதவுவது. மாத்திரை குடித்தால் கை நடுங்குகிறது என்று அழுபவரிடம், ‘எனக்கும் நடுங்கியது, டொக்டரிடம் சொன்னேன்’ என்று சொல்வது. நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லக்கூடாது. கோடாங்கியிடம் போகும் குடும்பத்தோடு சண்டை பிடிக்க வேண்டாம். போகட்டும், மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் மட்டும் அதை இரகசியமாக வைக்கக்கூடாது. உடனே உளநலப் பிரிவுக்குச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிங்களம், தமிழ் இரண்டும் தெரிந்தவர் என்றால் உங்களை இலவச மொழிபெயர்ப்பாளராக்கிவிடுவார்கள். 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. இத்தனை வருடம் கழித்தும், என்ன மாத்திரை, எத்தனை வேளை என்பதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளி பக்கத்து வரிசைக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது. மனநோய்க்கென்று 1873இல் இயற்றிய கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை நூற்றாண்டை ஓட்டிய நாடு இது. ஆள் போட வேண்டியது அரசாங்கம். அந்த ஓட்டையை உங்கள் கூலியில்லாத உழைப்பால் அடைக்க வேண்டியதில்லை. இடையிடையே உதவுங்கள், ஆனால் அதுவே உங்கள் வேலையாகிவிட இடம் கொடுக்காதீர்கள்.

மாத்திரை தடையில்லை என்றேன். உங்கள் நோயைப் பொறுத்தவரை ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. அது இரவு விழிப்பு. லயத்தில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால் அக்கம்பக்கத்தார் சாயத் தண்ணீர் போட்டுக் குடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது வழக்கம். ‘உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே’ என்று உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். இருதுருவ நோயில் ஓரிரு இரவு தூக்கம் கெடுவதே உச்சநிலையை, அதாவது அளவுமீறிய உற்சாக நிலையை, தொடக்கிவிடக்கூடும், மாத்திரையை ஒழுங்காக எடுத்தாலும்கூட. அது தொடங்கும்போது நோய் மாதிரியே தெரியாது என்பதுதான் ஆபத்து. களைப்பு வராது, பேச்சு சரளமாக வரும், இன்னும் நாலு வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும், நன்றாகச் சேவை செய்கிறேன் என்றே நினைப்பீர்கள். அதிகாலை பஸ்ஸுக்காக மூன்றரைக்கு எழ வேண்டிய நாளென்றால், முதல் நாள் ஏழரை, எட்டுக்குள் படுத்துவிடுங்கள். திருவிழாக் காலத்துக்கும் இதுவே பொருந்தும். தூக்கம் குறைந்து பேச்சுக் கூடினால் சொல்லச் சொல்லி, அம்மாவையோ அக்காவையோ ஒருவரை நியமித்து வையுங்கள். அவர் சொன்னால் வாதாடாமல் அன்றே வேலையை நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். இந்த ஒழுங்கை உங்கள் டொக்டருக்கும் தெரியப்படுத்துங்கள்.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் கிளினிக்தான். அடுத்த தடவை போகும்போது உளநல மருத்துவ அதிகாரியிடமோ உளநல சமூகப் பணியாளரிடமோ மூன்று விஷயம் கேளுங்கள். மீண்டவர்களின் குழு ஏதும் கூடுகிறதா? கிளினிக் நாளில் ஓரிரு மணி நேரம் நான் உதவியாக இருக்கலாமா? எனக்குக் கஷ்டமாக இருந்தால் நான் யாரிடம் பேச வேண்டும்? மூன்றாவதற்கு ஓர் ஆளைக் காட்டாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். தொண்டு நிறுவனத் திட்டங்களில் இதற்குச் சம்பளம் கிடைப்பதுண்டு. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். ஆகவே பஸ் கட்டணத்தையும் காலத்தையும் எழுத்தில் வாங்குங்கள், இப்போதுள்ள வேலையை விட்டுவிடாதீர்கள். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தால், சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப் பணிப் பாடநெறிகளை விசாரியுங்கள்.

அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பற்றுச்சீட்டின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, திருப்பித் தரும்படி கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தின் பிரதியையும் தபாலகம் தரும் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.