பழசு திரும்பி வந்தா... வாசகர் கேள்வி பதில்

செம்பூர் வாசகி: வீட்டுல பசங்களோட உக்காந்து சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களை பாகம் பாகமா பார்த்துட்டு இருக்கோம். முதல் படத்துல வந்த வசனம், வண்டி, ஜந்துன்னு எதையாவது அடுத்த படத்துல திரும்பக் கொண்டு வந்துடறாங்க. சிலது சிலிர்க்குது, சிலது எரிச்சலா இருக்கு. ஏன்?

நான் ஒண்ணுதாங்க பார்ப்பேன், திரும்பி வர்றதுக்குப் புதுசா ஒரு வேலை இருக்கா, இல்ல கைதட்டல் வாங்க மூஞ்சியைக் காட்டிட்டுப் போகுதா. 1984ல வந்த 'டெர்மினேட்டர்'ல எதிர்காலத்துல இருந்து வந்த கைல் ரீஸ், சாராகிட்ட 'உயிர் பிழைக்கணும்னா என்கூட வா'ன்னு சொல்வான், அவளைக் கொல்ல வர்ற மெஷின்தான் அர்னால்ட். 1991ல ஜேம்ஸ் கேமரூன் ரெண்டாம் பாகம் எடுக்கறப்போ அதே வசனத்தைத் தூக்கி அந்த மெஷின் வாயிலயே கொடுத்துட்டார். மனநல ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சு ஓடி வர்ற சாரா, லிஃப்ட்ல இருந்து அர்னால்ட் இறங்கறதைப் பார்த்து பயத்துல தரையில சறுக்கி விழறா, அவளைப் பொறுத்தவரைக்கும் இவன் இன்னும் கொலைகாரன்தான், அந்த மூஞ்சி கையை நீட்டி, அவ பிள்ளைக்கு அப்பாவான மனுஷன் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லுது. முதல் படம் பார்த்தவங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணும், பார்க்காதவங்களுக்கும் சீன் புரியும். இதுக்கு மேல இந்த வேலையை யாரும் செஞ்சதா எனக்குத் தோணல.

'ஜுராசிக் வேர்ல்ட்'ல (2015) கிளைமாக்ஸ்ல வர்ற டி-ரெக்ஸும் அப்படித்தான். அது 1993 'ஜுராசிக் பார்க்'ல வந்த அதே டைனோசர், அன்னிக்கு ராப்டர்கள்ங்கற சின்ன டைனோசர்கள் கடிச்ச தழும்பு கழுத்துல இருக்கு, வயசாயிடுச்சு. அன்னிக்கு தீப்பந்தம் மாதிரி எரியற ஃபிளேரை ஆட்டி அதை ஆளுங்ககிட்ட இருந்து திசை திருப்புவாங்க, இதுல பார்க்கோட மேனேஜர் கிளேர் அதே ஃபிளேரைக் காட்டி உதவிக்கே கூட்டிட்டு வர்றா.

தாராவி வாசகர்: '2.0'ல சிட்டியைத் திரும்பக் கொண்டு வந்தது சரியா? 'எந்திரன்' மாட்டுங்கா அரோரால பார்த்தவன் நான்.

அப்போ சிட்டி தன்னைத்தானே கழட்டிக்கற சீன்ல தியேட்டர் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம் தம்பி. 2010ல ஊரையே நாசம் பண்ணின அந்த சிவப்பு சிப் சிட்டியை 2018ல ஊரைக் காப்பாத்த இறக்கிவிட்டது ரொம்ப சரியான முடிவு, அந்தத் திமிர் அப்படியே இருக்கு, யார் பக்கம் நிக்குதுங்கறதுதான் மாறியிருக்கு. ஆனா கை வேற கால் வேறன்னு பிரிஞ்ச ஒருத்தனை மறுபடி பூட்டி எழுப்பும்போது அவனுக்கு என்ன இருக்கும், வசீகரனுக்கு என்ன இருக்கும்? அந்தக் கனத்தை படம் எடுத்துக்கவே இல்ல, வேகமா சண்டைக்குப் போயிடுச்சு. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

வாஷி வாசகர்: இறந்துபோன நடிகர்களை கம்ப்யூட்டர்ல கொண்டு வர்றது?

எனக்குப் பிடிக்கலைங்க. பீட்டர் குஷிங் 1994ல இறந்தவர், 2016ல 'ரோக் ஒன்'ங்கற 'ஸ்டார் வார்ஸ்' படத்துல, முன்னாடி அவர் நடிச்ச வில்லன் டார்க்கின் அவர் முகத்தோடயே நடமாடறார். முதல் 'ஏலியன்'ல நடிச்ச இயன் ஹோம் 2020ல போனார், 2024 'ஏலியன்: ரோமுலஸ்'ல அவர் முகத்தை வெச்சு ஒரு ஆண்ட்ராய்டு, அதாவது மனுஷ உருவ ரோபோ. அவங்க சார்பா உரிமை வெச்சிருக்கறவங்ககிட்ட அனுமதி வாங்கித்தான் பண்ணினாங்க, இருந்தாலும் நடிப்புங்கறது அந்த மனுஷன் அந்த நிமிஷம் எடுக்கற முடிவு, அதை முகத்தை வெச்சு எப்படிக் கொண்டு வர முடியும்? இந்த விஷயத்தைக் கதைக்குள்ளயே கொண்டு வந்து கேட்ட படம் 'பிளேடு ரன்னர் 2049' (2017). 1982 முதல் படத்துல ஹீரோ டெக்கார்டு காதலிச்ச அதே ரேச்சலை அச்சு அசலா செஞ்சு அவர் முன்னாடி நிறுத்தறாங்க. அவர் கலங்கிப்போய் பார்த்துட்டு, 'அவ கண்ணு பச்சை'ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிடறார். ரேச்சலா நடிச்ச ஷான் யங் உயிரோட இருக்காங்க, ஆனாலும் அந்தப் படமே சொல்லிடுது இது அவ இல்லன்னு.

மாட்டுங்கா வாசகி: பழைய இசை திரும்பி வர்றது பத்தி?

இசைதான் ரொம்ப ஆபத்து, ஏன்னா நம்மள கேக்காமலே கண்ணுல தண்ணி வர வெச்சுடும். 1993 'ஜுராசிக் பார்க்'ல ஜான் வில்லியம்ஸோட அந்த மெட்டு, முதல்முதலா ஒரு உயிருள்ள பிராக்கியோசாரஸ் டைனோசரை மனுஷங்க அண்ணாந்து பார்க்கறப்போ வந்துச்சு. 2015 'ஜுராசிக் வேர்ல்ட்'ல ஒரு பையன் ஹோட்டல் பால்கனி கதவைத் திறந்து பார்க்கைப் பார்க்கறப்போ வருது, அங்க எனக்கு மெட்டுதான் ஞாபகம் வந்துச்சு, ஆச்சரியம் வரல. 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' (2023) பாருங்க, அகிரா இஃபுகுபே 1954 படத்துக்குப் போட்ட இசை திரும்ப வருது, எங்கன்னா, போர்ல தோத்து வந்த பழைய கடற்படை ஆளுங்க, அரசாங்கமே கைவிட்ட பிறகு, தாங்களாவே கப்பல் ஏறி அந்த மிருகத்தை எதிர்க்கற இடத்துல. அந்த சீன் முழுக்க அவங்க முகத்தைத்தான் நான் பார்த்துட்டு இருந்தேன்.