மாலுமி பதில்கள்: பனிக்கடலில் யார் வருவார்கள்?

(வணிகக் கப்பல்களில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

என் மகன் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. இரும்புத்தாது ஏற்றக் கனடாவின் பாஃபின் தீவுக்குப் போகிறான். பனிக்கட்டி மிதக்கும் கடலாம். அங்கே ஆபத்து என்றால் யார் வருவார்கள்? எனக்கு உறக்கமே வரவில்லை.
– ம. செ., நாகப்பட்டினம்

அம்மா, இதே கேள்வியை என் தாயும் என்னிடம் கேட்டிருக்கிறார். "பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வருவார்கள்" என்றேன். இன்றைக்கும் அதுதான் பதில்.

1989 ஜூனில் நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே மாக்ஸிம் கோர்க்கி என்ற சோவியத் பயணிகள் கப்பல் பனிப்பாளத்தில் மோதியது. பயணிகளும் ஊழியர்களுமாக 950 பேருக்கும் மேல் இருந்தார்கள். பலர் படகுகளில் இறங்கினார்கள். சிலர் மிதக்கும் பனிப்பாளங்களின் மேலேயே காத்திருந்தார்கள். நார்வே கடலோரக் காவல்படையின் சென்யா என்ற கப்பல் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டதோடு நிற்காமல், அதன் மாலுமிகள் சோவியத் மாலுமிகளோடு சேர்ந்து அந்தக் கப்பல் மூழ்காமலும் காத்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. பனிப்போர் முடியாத காலம் அது. செய்தி வந்தபோது நான் ஹாம்பர்க் துறைமுகத்தில் இருந்தேன். எங்கள் கப்பலின் உணவறையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

சென்யா எட்டும் தொலைவில் இருந்தது. எப்போதும் அப்படி அமையாது. 2023 செப்டம்பரில் கிரீன்லாந்தின் வடகிழக்கில் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற சொகுசுக் கப்பல் 206 பேரோடு தரைதட்டியது. டென்மார்க்கின் ரோந்துக் கப்பல் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மூன்றாம் நாள் அதை இழுத்து விடுவித்தது தாராயோக் என்ற மீன்வள ஆய்வுக் கப்பல்.

அதனால்தான் 2017இல் நடைமுறைக்கு வந்த துருவக் கடல் விதிகள், உதவி வரக் குறைந்தது ஐந்து நாளாகும் என்று வைத்துக்கொண்டே உயிர்காப்புச் சாதனங்களை ஏற்றச் சொல்கின்றன. உங்கள் மகனின் கப்பல் தன் இருப்பிடத்தை, பாஃபின் தீவின் இகாலூயிட் நகரில் உள்ள கனடா கடலோரக் காவல்படை நிலையத்துக்குத் தெரிவித்தபடியே செல்லும். எதிர்க்கரை கிரீன்லாந்து, அது டென்மார்க்கின் பொறுப்பு. எந்தக் கடலில் தேடுதலும் மீட்பும் யார் பொறுப்பு என்று வடதுருவத்தைச் சுற்றியுள்ள எட்டு ஆர்க்டிக் நாடுகள் 2011இல் கிரீன்லாந்தின் நூக் நகரில் கையெழுத்திட்டு எல்லை பிரித்துவிட்டன. தேவைப்பட்டால் ஒருவர் மற்றவரை அழைக்கலாம்.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இம்மர்ஷன் சூட் (குளிர்ந்த கடலில் உடல் விறைக்காமல் காக்கும் முழு உடை) தன் அளவுக்குப் பொருந்துகிறதா என்று கப்பலேறிய முதல் நாளே போட்டுப் பார்க்கட்டும். பிறர் உதவியின்றி இரண்டு நிமிடத்துக்குள் அணிய வேண்டும் என்பது விதி. கைவிரல்கள் விறைத்துவிட்டால் ஜிப்பை இழுக்கவே முடியாது. வெறும் பயிற்சியின்போதே நான் அதை அனுபவித்திருக்கிறேன்.

உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவோடு மற்ற நாடுகள் பேசுவதில்லையே? பிறகு ஒத்துழைப்பு எப்படி நடக்கும்?
– இரா. கு., திருநெல்வேலி

கடலோரக் காவல்படைகளின் ஆர்க்டிக் மன்றத்தை ரஷ்யா உட்பட அந்த எட்டு ஆர்க்டிக் நாடுகளும் 2015இல் அமெரிக்காவின் நியூ லண்டனில் தொடங்கின. கூட்டுப் பயிற்சி செய்வது, ஒருவர் முறையை மற்றவர் அறிந்துகொள்வது அதன் வேலை. 2022க்குப் பின் ரஷ்யாவோடு அது நின்றுபோனது. போரைக் கண்டிப்பவன்தான் நான். ஆனாலும் இந்த இழப்பு எனக்கு வலிக்கிறது. ஆர்க்டிக் கடற்கரையில் ஏறக்குறைய பாதி ரஷ்யாவுடையது. நூக் ஒப்பந்தம் சட்டப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தாள் கப்பலைத் தேடிப் போகாது. பெயரும் குரலும் அறிந்த அதிகாரிகள் இருபுறமும் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

ரஷ்யாவுக்கும் அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும் இடையே உள்ள பேரிங் நீரிணையை நினைத்துப் பாருங்கள். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 85 கிலோமீட்டர்தான். கப்பல்கள் ஆழங்குறைந்த இடங்களையும் தீவுகளையும் விட்டு விலகிச் செல்ல, அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து முன்மொழிந்த வழித்தடங்கள் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. அப்போதும் அந்த இரு நாடுகளுக்கும் உறவு இனிமையாக இல்லை.

பனிமலைகளைக் கண்காணிக்க யாராவது இருக்கிறார்களா?
– 8ஆம் வகுப்பு மாணவி, தேனி

இருக்கிறார்கள், மகளே. டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் பல நாடுகள் செலவைப் பகிர்ந்துகொள்ளப் பன்னாட்டுப் பனிமலைக் கண்காணிப்பு தொடங்கியது. நடத்துவது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. ஆனால் அதன் பார்வை கனடாவின் கிழக்கே உள்ள நியூபவுண்ட்லாந்து பக்கம்தான். 1959 ஜனவரியில் ஹன்ஸ் ஹெட்டாஃப்ட் என்ற டென்மார்க் கப்பல் கிரீன்லாந்தின் தென்முனையில் பனிமலையில் மோதி 95 பேரோடு மறைந்தது. பல மாதங்கள் கழித்து ஐஸ்லாந்துக் கரையில் ஓர் உயிர்காப்பு வளையம் மட்டும் ஒதுங்கியது.