வகுப்பறைக்குப் பாம்பைக் கொண்டுபோகலாமா?

அன்புள்ள ஐயா,

செஞ்சி வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பசுமைப்படைப் பிள்ளைகளிடமும் பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலும் பாம்புகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாம்பு பிடிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர், "சாரை ஒன்றைக் கொண்டுவருகிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்" என்கிறார். கொண்டுவரச் சொல்லலாமா? எவ்வளவு நேரம் பேசுவது, எதைக் காட்டுவது? எங்கள் ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றும் வழக்கம் உண்டு. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் யார் மனமும் நோகாமல் எப்படிச் சொல்வது?

ஓர் ஆசிரியை,
செஞ்சி வட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

சாரை வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பாம்பைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். நண்பர் நல்லெண்ணத்தில் கொண்டுவந்தாலும் வழக்கு அவர்மேல்தான் வரும். சட்டத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. நீங்கள் என்ன பேசினாலும், ஒருவர் வெறுங்கையால் பாம்பைத் தூக்கிக் காட்டியதுதான் பிள்ளைகள் மனதில் நிற்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைச் செய்து பார்ப்பான். அவன் கையில் சிக்குவது சாரையாகத்தான் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இதனால்தான், விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று அடையாளம் கற்பிப்பதைப் பேச்சின் மையமாக வைக்க வேண்டாம் என்கிறேன். பலர் மேடையில் சொல்லும் குறிப்புகள் ஆபத்தானவை. "விஷப்பாம்புக்குத் தலை முக்கோணமாக இருக்கும்" என்பார்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை அப்படி இருக்காது. "கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டை இருக்கும்" என்பார்கள். வெள்ளிக்கோல் வரையன் என்கிற ஓநாய்ப் பாம்புக்கும் பட்டை உண்டு, அது விஷமற்றது. கட்டுவிரியனுக்குப் பட்டைகள் தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து வால்பக்கம் தெளிவாகும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பிள்ளை இதைப் பார்த்துப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. நான்கு பாம்புகளின் படத்தைக் காட்டுங்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். "நம் பக்கம் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணம் இவை. ஆனால் எந்தப் பாம்பானாலும் தொடாதே, அடிக்காதே, பின்னால் நகர்ந்து பெரியவர்களைக் கூப்பிடு" என்று சொல்லுங்கள். "விஷமுள்ளவை நான்குதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடற்பாம்பிலிருந்து மலைக்காட்டுக் குழிவிரியன்வரை வேறு பல உண்டு.

பேச்சின் எடை விழ வேண்டிய இடம் வீடு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 58,000. இதில் கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்குட்பட்டோர். பெரும்பாலான சாவுகள் கிராமத்து வீடுகளில்தான் நேர்ந்திருக்கின்றன. ஆகவே உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இன்று இரவு எங்கே படுப்பார்கள், இருட்டில் எந்த வழியாக வெளியே போவார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். பல் சிறியது, வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது, கண் இமை தானாகச் சரிகிறது என்று பிள்ளை சொன்னால், செரிக்கவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பார்கள். அங்கேதான் உயிர் போகிறது. இந்த ஒரு செய்தியை ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ள ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் சொல்லும்படி செய்தாலே உங்கள் பேச்சு பலித்தது. கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் கட்டுவிரியனும் உள்ளே வராது. வலையை வெறுமனே தொங்கவிட்டால் பயனில்லை. இதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள், ஒரு பாயும் வலையும் விரித்துச் செருகிக் காட்டுங்கள்.

மற்றவை எல்லாம் பிள்ளைகள் அன்றாடம் செய்கிறவை. விறகுக் கட்டிலும் வறட்டிக் குவியலிலும் பார்க்காமல் கையை நுழைப்பது, புதருக்குள் விழுந்த பந்தைக் கைநீட்டித் துழாவுவது, செருப்பில்லாமல் இருட்டில் வெளியே போவது. உங்கள் பக்கம் பாறையும் முட்புதரும் அதிகம். சுருட்டைவிரியனுக்கு அது பிடித்த இடம். ஓர் அடி நீளந்தான் இருக்கும், கல்லுக்கடியில் சுருண்டு கிடக்கும். கல்லைப் புரட்டி விளையாடும் பிள்ளைகளிடம் அதன் அளவை அழுத்திச் சொல்ல வேண்டும். பாம்பென்றால் பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு குட்டி என்று கையில் எடுத்துவிடுவார்கள்.

அளவைக் காட்ட கயிறு போதும். ஓர் அடி, மூன்றடி, ஐந்தடி என்று வெட்டிய மூன்று தாம்புக்கயிறுகள்: சுருட்டைக்கு ஒன்று, கட்டுவிரியனுக்கும் கண்ணாடிவிரியனுக்கும் ஒன்று, வளர்ந்த நல்ல பாம்புக்கு ஒன்று. ரப்பர் பொம்மைப் பாம்பு வேண்டவே வேண்டாம். நிறம் தப்பாக இருக்கும், பின்வரிசைப் பையன்கள் பெண்பிள்ளைகள்மேல் வீசுவார்கள், அதன்பிறகு வகுப்பு உங்கள் கையில் இருக்காது. புரொஜெக்டரை நம்பிப் போகாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும், மின்சாரம் நின்றால் பேச்சும் நின்றுவிடும். நான்கு பாம்புகளையும் நான்கடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸில் அச்சடித்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் அதைப் பள்ளியிலேயே மாட்டிவிட்டு வரலாம்.

முந்நூறு பேரை மைதானத்தில் உட்காரவைத்து மைக்கில் பேசச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 40 பேர், மிஞ்சினால் 50. ஐந்தாம் வகுப்புவரை 25 நிமிடம் தாங்கும், அதற்கு மேலே உள்ளவர்களுக்கு 40 நிமிடம், அதில் 15 நிமிடம் கேள்விகளுக்கு. போகும் முன் தலைமையாசிரியரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த வகுப்பில் யார் வீட்டிலாவது பாம்பு கடித்து இறந்தவர் உண்டா? இருந்தால் அந்தப் பிள்ளையிடம் முன்பே தனியாகப் பேசி, வெளியே இருக்க விரும்பினால் இருக்கவிடுங்கள். தெரியாமல் நீங்கள் சொல்லும் ஓர் எடுத்துக்காட்டு அந்தக் குழந்தையை நொறுக்கிவிடும்.

முதலுதவியைச் செய்துதான் கற்க வேண்டும். இருவர் இருவராகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டும் இரண்டு நீள ஸ்கேலும் கொடுங்கள். கடிபட்டவர் நடக்கக் கூடாது, ஓடக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, கடிபட்ட காலில் இருந்தால் மெட்டி, எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும், வீங்கினால் அவையே இறுக்கிவிடும். காலின் இருபுறமும் ஸ்கேலை வைத்து அசையாதபடி துண்டால் கட்ட வேண்டும். கட்டினபின் ஒரு விரல் உள்ளே எளிதாக நுழைய வேண்டும். இங்கேதான் எல்லாப் பிள்ளைகளும் தவறு செய்வார்கள். சினிமாவில் பார்த்தபடி மேலே இறுக்கிக் கட்டுவார்கள். ஏன் கூடாது என்று விளக்குங்கள்: கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷம் சதையை அழிக்கும், இறுக்கினால் அது ஒரே இடத்தில் தேங்கிக் காலையே எடுக்கும்படி ஆகலாம். கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறும். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதும் இல்லை. மருத்துவமனையில் தரும் மருந்து அந்த நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகலாம்.

"எங்க ஊரில் மந்திரிச்சாலே சரியாயிடும் டீச்சர்" என்று ஒரு பிள்ளை நிச்சயம் சொல்லும். அந்த வைத்தியரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள், அவர் அந்தப் பிள்ளையின் தாத்தாவாகவே இருக்கலாம். கடிப்பவற்றில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அப்படிப் பிழைத்தவர்களைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும். பால் விஷயமும் இப்படித்தான். புற்றுக்கு ஊற்றுவது வழிபாடு, அது பாட்டியின் விருப்பம். பாம்புக்குப் பால் உணவல்ல என்பது உயிரியல். புற்றைக் கட்டியது கறையான், பாம்பு அதில் குடியிருக்க மட்டுமே வருகிறது என்றால் பிள்ளைகள் அதில் மூழ்கிவிடுவார்கள், பால் பேச்சு தானாக அடங்கும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையை மரத்தில் ஏறிப் பார்க்கும் என்ற கதையும் வரும். அது விஷமில்லாத, மரத்தில் வாழும் பாம்பு. ஓணானும் தவளையும் தேடி ஏறுகிறது. "பாம்புக்குக் காதே கேட்காது" என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வெளிக்காதுதான் இல்லை. தாடையெலும்பு வழியாகத் தரையின் அதிர்வையும், தாழ்ந்த ஒலிகளையும் அது உணரும். மகுடிக்கு ஆடுவது அதன் அசைவைப் பார்த்து.

உங்கள் வட்டாரத்தில் இருளர் குடியிருப்புகள் பல உண்டு, வகுப்பில் அந்தப் பிள்ளைகளும் இருப்பார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி அவசியம் சொல்லுங்கள். உரிமம் பெற்ற இருளர்கள் பாம்பிலிருந்து விஷத்தை எடுக்கிறார்கள், அதை மருந்து நிறுவனங்கள் வாங்கிக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து செய்கின்றன. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாடப்புத்தகத்தில் தன் மக்களைக் காணாத பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அதற்காக அந்தப் பிள்ளையை எழுப்பி "நீ பிடிப்பாயா?" என்று கேட்டுவிடக் கூடாது.

பேச்சுக்கு முதல் நாளே, எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறது, இரவில் மருத்துவர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த மருத்துவமனையின் பெயர், எண், 108, வனச்சரக அலுவலக எண் ஆகியவற்றை அரைத்தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்து, வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். எண்கள் மாறும். ஒவ்வொரு ஜூனிலும் சரிபார்த்துப் புதிதாகக் கொடுங்கள்.