பசுமை ஆற்றலுக்கு மாறும் அளவுக்கு உலோகம் பூமியில் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் மண்ணுக்கு அடியில் இருப்பது கைக்கு வந்து சேரக் காலம் பிடிக்கும். சிக்கலே அங்குதான். லித்தியம், கோபால்ட் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நான் மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலில் இருப்பவன், அதனால் செம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பெட்ரோல் காரில் சுமார் 23 கிலோ செம்பு இருக்கும். பேட்டரி காரில் 80 கிலோவைத் தொடும். அப்புறம் காற்றாலை, டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் என்று அங்கேயும் செம்பு வேண்டும். அலுமினியம் போதாதா என்று கேட்பார்கள். மேலே போகும் மின்கம்பிகளுக்குப் போதும், அங்கே ஏற்கெனவே அதுதான் ஓடுகிறது. ஆனால் ஒரே தடிமனில் செம்பு கடத்துவதில் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். ஈடுகட்டக் கம்பியைத் தடிமனாக்கினால் மோட்டாரில் காயில் உட்காரும் ஸ்லாட் என்ற பள்ளத்துக்குள் இடம் பற்றாது.

உலகச் செம்பில் ஏறக்குறைய கால் பங்கு சிலியிலிருந்து வருகிறது. அங்குள்ள பழைய சுரங்கங்களில் தாதின் தரம் குறைந்துகொண்டே போகிறது. 100 கிலோ பாறையை உடைத்தால் 1 கிலோ செம்புகூடத் தேறாத இடங்கள் பல. எஸ்கோண்டிடா சுரங்கம் இருப்பது அட்டகாமா பாலைவனத்தில். கடல்நீரைக் குடிநீர்போல் சுத்திகரித்து, 3,000 மீட்டருக்கும் மேலே பம்ப் செய்து கொண்டுபோகிறார்கள். அத்தனை உழைப்பும் மின்சாரமும் ஒவ்வொரு கம்பிக்குள்ளும் இருக்கிறது.

சரி, புதிய சுரங்கம் திறக்கலாமே? அமெரிக்காவின் அரிசோனாவில் ரெசல்யூஷன் என்ற பெரிய செம்புப் படிவத்தை 1995-இல் கண்டுபிடித்தார்கள். முப்பது வருடம் ஆகியும் உற்பத்தி தொடங்கவில்லை. அதற்கு மேலே உள்ள ஓக் ஃபிளாட் நிலம் அப்பாச்சி என்ற பழங்குடி மக்களுக்குப் புனிதமானது, நீதிமன்றம் வரை போய்ப் போராடுகிறார்கள். பனாமாவில் 2023-இல் ஒரு செம்புச் சுரங்கத்தை எதிர்த்து மக்கள் சாலைக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் சுரங்க ஒப்பந்தமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது, ஓடிக்கொண்டிருந்த பெரிய சுரங்கம் நின்றது. இவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. தண்ணீரும் காடும் அவர்களுடையது. அவர்களிடம் கேட்காமல் தோண்டி எடுப்பதைப் பசுமை என்று எப்படிச் சொல்வது?

பழைய செம்பை உருக்கினால் தரம் குறையாது, அது பெரிய வரம். எரிந்துபோன காயிலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியைக்கூட நாங்கள் குப்பையில் போடுவதில்லை. வயரைத் தெருவோரம் கொளுத்திச் செம்பு எடுப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அந்தப் புகை விஷம். மேலுறையை உரிக்க மெஷின் இருக்கிறது. ஆனாலும் பழைய செம்பு மட்டும் போதாது. நான் இன்று கட்டும் மோட்டார் நன்றாக ஓடினால், அதிலுள்ள செம்பு எடைக்கு வர இன்னும் பத்து, இருபது வருடம் ஆகும். தேவையோ இப்போதே ஏறுகிறது.