4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன், 3 ஹெர்ட்ஸுக்குக் கீழ சிக்னல் செத்துப் போகுது

ஜியோஃபோன் (தரை அதிர்வை மின் சிக்னலா மாத்துற சென்சார்) 3 ஹெர்ட்ஸுக்குக் கீழ எதுவும் காட்டலை, பாஸ் பூஸ்ட் போட்டும் சரியாகலைன்னு கேட்டிருந்தீங்க. அந்த ஒரு ஆர்-சி (ரெசிஸ்டர்-கெபாசிட்டர்) ஸ்டேஜ் பத்தாதுங்க, ரெண்டாம் ஆர்டர் ஈக்வலைசர் (விழுற சிக்னலை அதே வேகத்துல தூக்கி ஈடுகட்டுற சர்க்யூட்) வேணும். 4.5 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஜியோஃபோன் சிக்னல் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகுற ஒவ்வொரு தடவையும்) 12 டெசிபல் விழுது, நீங்க போட்டிருக்கிற பாஸ் பூஸ்ட் 6 தான் தூக்கும், அதான் சமயநல்லூர்ல உங்க வீட்டை ஒட்டி கூட்ஸ் வண்டி போறப்பகூட தரையோட மெதுவான ஆட்டம் கிராஃப்ல வரல.

நடுவுல 4.5 கிட்ட ஒரு மேடு தெரியுதுன்னீங்களே, அது அனேகமா டேம்பிங் (உள்ள நடக்கிற ஆட்டத்தை அடக்குற தடுப்பு) பொருந்தாததுதான். அந்த டேம்பிங்குக்காக காயிலுக்குக் குறுக்க போடுற ஷன்ட் ரெசிஸ்டர் டேட்டாஷீட்ல சொன்ன மதிப்புதானான்னு மீட்டர் வச்சுப் பாருங்க.

அப்புறம் இதச் செஞ்சு பாருங்க: ஷன்ட், ஆம்ப் எல்லாம் மாட்டினபடியே 1.5 வோல்ட் செல்லை 10 கே வழியா காயில்ல கொடுத்து, அது அடங்கினதும் சட்டுனு எடுத்துட்டு ஸ்கோப்ல பாருங்க, டேம்பிங் 0.7 இருந்தா ஒரு பெரிய மேடு, பின்னாடியே எதிர்ப்பக்கம் அதுல 5 சதவீதம் போல ஒரு சின்னக் குழி, அம்புட்டுத்தான். நாலஞ்சு தடவை ஆடுச்சுன்னா டேம்பிங் கம்மி. இப்படி அளந்த டேம்பிங் மதிப்பை வச்சே சர்க்யூட்டைக் கணக்குப் போடுங்க.

0.5 ஹெர்ட்ஸ் வரை இறக்க ஆசைப்படாதீங்க. அதுக்கு கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) 81 மடங்கு, டிஎல்072 ஆம்ப் சிப்போட 3 மில்லிவோல்ட் ஆஃப்செட்டே (சிக்னல் இல்லாதப்பவும் இருக்கிற பிழை வோல்டேஜ்) கால் வோல்ட்டா வந்து நிக்கும். 1 ஹெர்ட்ஸ்னா 20 மடங்குதான், ஆஃப்செட் கம்மியான ஓபி07 சிப் போட்டா நிம்மதி. எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஃபிலிம் கெபாசிட்டர் கேட்டு வாங்குங்க.