காந்தம் ஒட்டினால் விண்கல்லா? கேள்வி பதில்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு பல வருஷமாகக் கல் விண்கற்களைச் சேர்த்து வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணே, மணவாளக்குறிச்சி கடற்கரையில ஒரு கறுத்த கல் கிடைச்சுது. நல்ல கனம், காந்தமும் ஒட்டுது. விண்கல்தானே? (குளச்சல்)

இல்லை தம்பி. நீங்கள் அனுப்பின படத்தில் கல் முழுக்கத் துளை துளையாக இருக்கிறது. அது இரும்பு உருக்கிய கசடு. கல் விண்கல்லுக்குள் அப்படிக் காற்றுக் குமிழ் இருப்பது மிக அபூர்வம். நம்ம கரையில் கருமணலே காந்தத்தில் ஒட்டும், அதனால் காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது. அடுத்த தடவை ஒரு ஓரத்தை மட்டும் அரத்தால் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலான விண்கற்களில் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளிப் பொடி தூவின மாதிரி இரும்புத் துணுக்குகள் மின்னும்.

காண்ட்ரைட், அகாண்ட்ரைட் என்ன வித்தியாசம் சார்? (தக்கலை, கல்லூரி மாணவி)

இரண்டும் கல் விண்கல் வகைகள். பிறந்தபடியே இருப்பது காண்ட்ரைட், உருகி மறுபிறவி எடுத்தது அகாண்ட்ரைட். காண்ட்ரைட்டை அறுத்துப் பார்த்தால் கடுகு, கேழ்வரகு அளவில் உருண்டைகள் நெருக்கமாகத் தெரியும். அவைதான் காண்ட்ரூல்கள். சூரியனைச் சுற்றியிருந்த தூசி உருகித் துளியாகி உறைந்தவை. சூரிய மண்டலத்தின் வயது சுமார் 456 கோடி வருஷம் என்று கணக்கிட்டதே இப்படிப்பட்ட கற்களில் உள்ள பழைய மணிகளை வைத்துத்தான். 1857-ல் அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பர்னல்லீ விண்கல் அதிகம் சூடுபடாத வகை, அதனால் அதன் உருண்டைகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. நம்ம பக்கத்திலேயே விழுந்த இந்தக் கல்லைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒரு கல்லைப் பார்த்து 'இது வெஸ்டா சிறுகோளிலிருந்து வந்தது' என்று எப்படிச் சொல்கிறார்கள்? (மார்த்தாண்டம்)

முதலில் ஆக்சிஜன். அதன் மூன்று ஐசோடோப்புகளின் (எடை மட்டும் மாறுபடும் அணு வகைகளின்) விகிதம், கல் உடைந்து வந்த ஒவ்வொரு தாய்க்கோளுக்கும் பெரும்பாலும் வெவ்வேறு மாதிரி இருக்கும். யூக்ரைட், டையோஜெனைட், ஹோவர்டைட் என்ற மூன்று விண்கல் வகைகளும் ஒரே குடும்பம் என்று காட்டிக்கொடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு. அடுத்தது ஒளி. வெஸ்டா சிறுகோள் திருப்பி அனுப்பும் ஒளியின் நிறமாலையும் இந்தக் கற்களின் நிறமாலையும் ஒத்துப்போகின்றன. 2011-ல் டான் விண்கலம் அங்கே போய்ச் சுற்றியபோது, தென் துருவத்தில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரும் பள்ளத்தைக் கண்டது. அப்படிப்பட்ட மோதல்களில் தெறித்த துண்டுகள்தான் நம் கைக்கு வருகின்றன.

செவ்வாய்க் கல்லுக்குச் சாட்சி வேறு. அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயு, 1976-ல் வைக்கிங் விண்கலம் செவ்வாயில் அளந்த காற்றோடு பொருந்தியது. செவ்வாய்க் கற்களின் ஒரு பிரிவுக்குப் பெயர் கொடுத்தது 1865-ல் பீகாரில் விழுந்த ஷெர்கோட்டி.

ரொம்ப அரிய வகை எது அண்ணாச்சி? (திங்கள்சந்தை)

எனக்கு ஆப்ரைட்தான். வெளிறிப்போன, நொறுங்கும் கல். இரும்பு குறைவு என்பதால் காந்தத்தை அவ்வளவாக மதிக்காது. நம்ம வீட்டு முற்றத்தில் விழுந்தால் உடைந்த காரை என்று பெருக்கித் தள்ளிவிடுவோம்! 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் தியோதர் பகுதியில் விழுந்தது இந்த வகைதான். இந்தியாவில் அதற்கு முன் விழுந்த ஆப்ரைட் 1852-ல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்டி.

விழுவதைக் கண்ணால் பார்த்தால் என்ன செய்யணும்? (முட்டம்)

எடுப்பதற்கு முன்னால் கிடந்த இடத்தோடு படம் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். வெறும் கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றுங்கள். கழுவவே கழுவாதீர்கள் மக்களே. பஸ்டி கல்லில்தான் ஓல்டாமைட் என்ற கனிமத்தை முதன்முதலில் கண்டார்கள். ஈரம் பட்டால் அது சிதைந்துவிடும். நம்ம கடற்காற்றைச் சொல்லவே வேண்டாம். நான் திறந்த அலமாரியில் வைத்திருந்த ஒரு காண்ட்ரைட் வில்லை ஒரே மழைக்காலத்தில் துருவேறி, விரல் வைத்தால் பழுப்புப் பொடி ஒட்டியது. இப்போது எல்லாமே சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில். கல்லைப் பத்திரப்படுத்தியதும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். இந்திய மண்ணில் விழும் விண்கற்களைக் காக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு, அவர்களுக்குத் தகவல் போகட்டும்.