பதினைந்து வருசத்து மெயிலைப் பத்திரப்படுத்த

கேள்வி: பனியன் கம்பெனி வைத்திருக்கிறேனுங்க. 2009-லிருந்து ஒரே ஜிமெயில்தான். ஆர்டர், சாம்பிள் படம், பில் எல்லாம் அதில் இருக்கிறது. இப்போது இடம் நிறைந்துவிட்டது என்கிறது. பழையதை அழித்துவிடலாமா? - வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்பட்டு அழித்துவிடாதீங்க. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான், அதனால் இடத்தை அடைத்திருப்பது கல்யாண வீடியோவாகவும் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் கூகுள் டேக்அவுட்டில் (நம் கணக்கில் இருப்பதை நகலெடுத்துத் தரும் கூகுளின் சேவை) மெயிலை மட்டும் டிக் செய்து கேளுங்கள். எம்பாக்ஸ் என்ற கோப்பாகத் தருவார்கள். லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும், வந்ததும் இறக்கிவிடுங்கள். தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளில் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற துணைநிரலைச் சேர்த்தால் அதைத் திறக்கலாம். திறந்து, 2010-ல் வந்த ஏதாவது ஒரு ஆர்டரைத் தேடி எடுத்து, அதோடு வந்த படம் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் ஒரே பென்டிரைவை நம்பினேன், அது படுத்துவிட்டது, அப்பா எழுதிய மெயில்கள் அத்தனையும் போயின. இன்றைக்கும் ஆறவில்லை. அதனால் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வீட்டில் வையுங்கள், ஒன்றைக் கம்பெனியில்.

ஒரு எச்சரிக்கை: தண்டர்பேர்டில் ஜிமெயிலை ஐமேப் (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருக்கும் இணைப்பு முறை) வழியாக இணைத்திருந்தால், அங்கே அழிப்பது ஜிமெயிலிலும் அழிந்துவிடும். லோக்கல் ஃபோல்டர்ஸில் இருப்பது மட்டுமே உங்கள் கணினியில் தனியாக நிற்கும்.

இதெல்லாம் முடிந்தபிறகு, ஜிமெயில் தேடலில் 10 எம்பிக்கு மேற்பட்டவற்றை வடிகட்டி அழியுங்கள். குப்பைத்தொட்டி தானாகக் காலியாக 30 நாளாகும், நீங்களே காலி செய்தால்தான் உடனே இடம் கிடைக்கும். இனி வருவதற்கு பையர் (சரக்கு வாங்குபவர்) பெயரில் லேபிளும் ஃபில்டரும் போட்டுவிடுங்கள்.